கரண்டு போனா சோலாரும் போகுமா?

மடுல்சீமையில் மனோன்மணி அக்காவின் தையல் கடைக்கு நான் போன அன்று அங்கே கரண்டு இல்லை. பள்ளிக்கூட யூனிபோர்ம் தைக்கிற காலம். வெட்டிய வெள்ளைத் துணி மேசையில் குவிந்து கிடந்தது. தைக்கிற பெண்கள் வாசலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க தம்பி. கூரையில சோலார் எப்ப பூட்டுவீங்க?" என்றார் அக்கா, நான் பையை இறக்கும் முன்னமே.

பதுளையில் ஒரு சோலார் கம்பெனியில் எனக்கு வேலை. கூரையைப் பார்த்து எத்தனை பேனல் வைக்கலாம் என்று சொல்ல வேண்டும். சோலார் போட்டால் செலவில் ஒரு பங்கை அரசாங்கம் திருப்பித் தரும் என்று அப்போது ஒரு மானியம் வந்திருந்தது. சனங்களுக்கு அது 'ரிபேட்'. "பேனலையும் குடுத்து காசும் குடுப்பாங்களாமே?" என்று கேட்டவர்களும் உண்டு.

அக்கா விவரமானவர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, சொந்தக் காணி வாங்கிக் கடை கட்டியவர்.

"லயத்துக் கூரை தோட்டத்துக்குச் சொந்தம், அதுக்கு ரிபேட் கிடையாது. இது என் கூரை. இனி கரண்டு போனா எனக்கென்ன, மெஷின் ஓடும்" என்றார்.

அங்கேதான் அக்கா தப்புக் கணக்குப் போட்டிருந்தார்.

கேட்காத கேள்வி

கிளம்பும்போதே முதலாளி சொல்லியிருந்தார்: "கரண்டு கட் பத்தி அவங்க கேட்டா மட்டும் பேசு. நீயா வாயத் தொறக்காத."

பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுவது இன்வர்ட்டர் பெட்டி. நாங்கள் வழக்கமாகப் பூட்டுகிற இன்வர்ட்டர், லைனில் கரண்டு நின்றால் தானும் நின்றுவிடும். இல்லாவிட்டால் நம் கூரைக் கரண்டு கம்பி வழியே போய், கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரை அடித்துவிடும்.

அக்கா கேட்கவில்லைதான். ஆனால் அந்தத் துணிக் குவியலைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கரண்டு போனா இதுவும் நின்னுடும்க்கா. பில்லு கொறையும், அவ்வளவுதான்."

"வெயில் அடிச்சாலுமா?"

"அடிச்சாலும்."

அக்கா வாசல் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாடி? கரண்டு இல்லன்னா இதுவும் சும்மா உக்காந்துருமாம். உங்களுக்கு நல்ல கூட்டாளிதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "வேற வழி இருந்தா சொல்லுங்க தம்பி. இல்லாட்டி எனக்கு வேணாம்."

வழி இருந்தது. ஹைபிரிட் இன்வர்ட்டர் என்று ஒரு வகை போட்டால் பிறகு பேட்டரி சேர்க்கலாம், கரண்டு போனாலும் மெஷின் ஓடும். அதற்கும் மானியம் உண்டா என்று மானிய ஆபிசில் விசாரித்தேன், உண்டு என்றார்கள். பதுளைக்குத் திரும்பிச் சொன்னபோது முதலாளிக்குத்தான் முகம் சுருங்கியது.

"அத கொழும்பிலருந்து எடுக்கணும்யா. நமக்கு என்ன நிக்கும்?"

"இது இல்லாட்டி அவங்க ஒன்னுமே வாங்க மாட்டாங்க முதலாளி."

முணுமுணுத்துக்கொண்டே ஆர்டர் போட்டார்.

அட்டை

பூட்டி முடித்ததும் மானிய ஆபிசிலிருந்து ஒரு சிங்கள ஐயா பரிசோதிக்க வந்தார். அவர் சரியென்றால்தான் ரிபேட். மழையில் வண்டி மேலே ஏறவில்லை. தேயிலைக்குள் நடந்தே வந்தார். ஏணியில் ஏறியவர் திடீரென்று "ஐயோ!" என்று கத்தினார். பேனலில் ஏதோ கோளாறு என்று நான் பதறிப்போனேன். பார்த்தால் காலில் ரத்தம் உறிஞ்சும் அட்டை!

அக்கா கை கழுவுகிற சவர்க்காரக் கட்டியைத் தேய்த்து அதை விழவைத்தார். "பேனல் எப்படிங்க ஐயா?"

"பேனல் ஷோக். அட்டைதான் மோசம்."

பாஸ்!

ரிபேட் வந்ததும் அக்கா அந்தக் காசில் பேட்டரி வாங்கினார். அடுத்த கரண்டு கட்டில் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, இந்தப் பக்கத்துலயே என் கடையிலதான் கரண்டு இருக்கு. ஆனா தைக்க முடியல."

"ஏங்க்கா, பேட்டரி வேலை செய்யலியா?"

"அது நல்லா செய்யுது. போன் சார்ஜ் போட வந்த சனம் மெஷின் மேலயும் ஏறி உக்காந்திருக்கு!"

அப்படி உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு கடைக்காரர்கள் அடுத்த வாரமே தங்களுக்கும் இதே சோலார் வேண்டுமென்று எங்கள் கம்பெனிக்கு வந்தார்கள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ரிபேட்டைப் பற்றி நீங்கள் சொல்லவே வேண்டாம், அது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பொருள் எதைச் செய்யாது என்பதை, அவர்கள் கேட்கும் முன் சொல்லிவிடுங்கள்.