கோயில் காளையின் கடைசி ஓட்டம்

ஆவூர் ஆரோக்கியமுத்துவைத் தேடினால் எங்கள் படப்பிடிப்பு யூனிட் வேனுக்குள்தான் இருப்பார். வெளியே ஜல்லிக்கட்டில் ஊரே ஆர்ப்பரிக்கும். இவர் ஆறு ஃபோர்-கே கேமராக்களின் படத்தையும் மானிட்டரில் பார்த்துக்கொண்டு, நிரம்பி வரும் மெமரி கார்டுகளை ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருப்பார். மறுநாள் டிவியில் போட வேண்டுமே. பத்தொன்பது வருடமாக இதே வேலை. இடுப்பு போய்விட்டது, கண்ணும் பாதி போய்விட்டது. படம் மட்டும் வருடா வருடம் தெளிவாகிக்கொண்டே போகிறது. என்ன பிழைப்போ!

ஃபோர்-கே வந்ததும் படத்தின் அளவு பெருத்து, கார்டுகள் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பின. அதனால் அவரே ஒரு முறை வகுத்தார். வாடிவாசலில் முதலில் வருவது கோயில் காளை. சாமி மாடு, யாரும் தொடக் கூடாது. பிடிக்க ஆளில்லாத ஓட்டம் டிவிக்கு எதற்கு? அதை வைத்து எல்லா கேமராவுக்கும் ஃபோகஸ் சரிபார்ப்பது, உடனே அழித்துவிடுவது. கம்பெனி பாராட்டியது. நாங்களும்தான் தலையாட்டினோம்.

இந்த மாசியில் பொன்னமராவதிப் பக்கம் ஒரு ஊரிலும் அப்படியே செய்தோம். நான்காம் நாள் அங்கிருந்து ஆரோக்கியமுத்துவுக்குப் போன். கோயில் காளை செத்துவிட்டதாம். பன்னிரண்டு வருடம் அதற்குத் தீவனம் வைத்த மருதாயி பேசினார்.

“அது கடைசியா ஓடுனத ஒருக்கா பாக்கணும் தம்பி. பயலுக செல்லுல எடுத்ததுல எல்லாம் கையும் தலையுந்தான் தெரியுது.”

எங்கள் தொழிலில் இதற்குத் தயாராக ஒரு பொய் உண்டு: டிஸ்க் போய்விட்டது. அதையே சொல்லித் தொலையுங்கள் என்றேன். ஆரோக்கியமுத்து அந்த ஊருக்கு பஸ் ஏறினார். மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன்.

“டிஸ்க்கெல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. நான்தான் அழிச்சேன்,” என்றார், தொழுவத்து வாசலில் நின்றபடியே.

மருதாயி திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“சரி, விடுங்க தம்பி. கூட்டத்துல எனக்கு மறைச்சிருச்சு. நீங்க டிவியில பெருசா பாத்திருப்பீங்கள்ல? எப்படி ஓடுச்சு? அதையாச்சும் சொல்லுங்க.”

ஆறு கேமராப் படத்திலும் ஆரோக்கியமுத்து பார்த்தது கொம்பின் நுனியை மட்டும்தான். அது மங்கலாக இருக்கிறதா, தெளிவாக இருக்கிறதா என்று மட்டும்தான்.

“கொம்பு நல்லா தெரிஞ்சுச்சுக்கா,” என்றார்.