சத்தம் சேர்த்த ராஜேஸ்வரி

கடையில் பழைய கீபோர்டு ஒன்றைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது ராஜேஸ்வரியின் கணவர் வெங்கடேசன் போனில் அழைத்தார். "சாதிக், ராஜி காலைல போயிருச்சுங்க. தூக்கத்துலயே. நீங்க வந்தாத் தேவலைங்க" என்றார். கீபோர்டை அப்படியே போட்டுவிட்டுப் போனேன். அழுதோம். ஆனால் மதியத்துக்குள் அவரும் நானும் ஒரு பஸ் டிரைவரைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ராஜேஸ்வரியைத் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளில் நான் கோட்டைமேட்டிலிருந்து கல்யாணங்களுக்குப் போய் வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் கீபோர்டுக்காரன். ராஜேஸ்வரி பீளமேட்டில் மோட்டார் பம்ப் செய்யும் குடும்பத்து மருமகள். ஒரு வரவேற்பில் இரண்டு பாட்டுகளுக்கு நடுவே மேடை அருகே வந்து நின்றார். சினிமாப் பாட்டு ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன்.

"பாட்டு வேண்டாமுங்க. இப்ப முன்னாடி ஊ...ன்னு ஒரு சத்தம் வந்துச்சே, அது என்னங்க?"

"தெரியாமக் கை பட்டுப்போச்சுங்க."

"மறுபடியும் படட்டுமே."

எங்கள் கூட்டு அங்கே தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் இயந்திரங்கள் ஓய்ந்த அவர்கள் பம்ப் ஷெட்டில் உட்காருவோம். மோட்டார், தறி, சந்தை என்று அவர் டேப்பில் பிடித்து வந்த ஒலிகளை வெட்டி, ஒட்டி, வேகம் மாற்றி ஓடவிடுவார். நான் சிந்தசைசரில் அவற்றோடு பேசுவேன். வெங்கடேசன் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நல்லாருக்குதுங்க, ஆனா எனக்குப் புரியலீங்க" என்று ஒவ்வொரு வாரமும் நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போவார்.

ஒருமுறை, பஸ் கொண்டை ஊசி வளைவில் முக்கி ஏறும் சத்தம் வேண்டுமென்று மூவரும் வால்பாறைக்குப் போனோம். மடியில் ரெக்கார்டரை வைத்திருந்தவரிடம் கண்டக்டர் விசாரித்தார். ராஜேஸ்வரி மறைக்காமல் சொன்னார். கண்டக்டர் முன்னால் போய், "அண்ணா, உங்க பஸ்ஸை ரெக்கார்டு பண்றாங்களாமா" என்று டிரைவர் காதில் போட்டுவிட்டார். அவ்வளவுதான். அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை விதவிதமாக இழுத்து அடித்தார். எஞ்சின் சத்தம் எங்கேயும் கேட்கவில்லை. எனக்கு ஆத்திரம். ராஜேஸ்வரி சொன்னார்: "கெடுத்துப்போட்டாருன்னு சொல்லாதீங்க. அவரும் நம்ம குழுவுல சேந்துட்டாரு." வேகம் குறைத்து ஓட்டியபோது அந்த ஹாரன், படுக்கப் போகும் யானையின் பெருமூச்சு மாதிரி இருந்தது. நாங்கள் செய்ததிலேயே நல்ல பகுதி அதுதான்.

பொள்ளாச்சியில் ஒரு சிறிய மன்றத்தார் எங்களை மேடையேறச் சொன்னார்கள். அது ஆவணி முகூர்த்த நாள். அன்று கல்யாணத்துக்கு வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்றார் எங்கள் மெல்லிசைக் குழுத் தலைவர். அதைக் கேட்டதும் ராஜேஸ்வரி, "உங்க பொழப்பக் கெடுத்துக்காதீங்க. நான் தனியாச் செஞ்சுக்கறேன்" என்றார்.

"அதெப்படிங்க அம்மணி? பட்டது என்னோட கைங்க" என்றேன். குழுவைவிட்டு விலகிப் பொள்ளாச்சிக்குப் போனேன்.

ஹாரன் பகுதி வருவதற்குள்ளேயே நாற்காலிகள் காலியாகத் தொடங்கின. எல்லோருக்கும் தெரிந்த மெட்டு ஒன்றை வாசித்துக் கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்று விரல் துடித்தது. அவர் என் பக்கம் குனிந்து, "அவிய போறது தப்பில்லீங்க. நாம போனாத்தான் தப்பு" என்றார். கடைசிவரை வாசித்தோம்.

முடிந்ததும் முன்வரிசையில் இருந்த தேங்காய் வியாபாரி ஒருவர் எழுந்து மேடைக்கு வந்தார். "ஏனுங்க, பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

"முடிஞ்சுபோச்சுங்க" என்றார் ராஜேஸ்வரி.

வியாபாரி, "அப்ப இன்னொருக்காப் போடுங்க. இப்ப வெவரம் தெரிஞ்சு கேக்கறேன்" என்று நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மிச்சமிருந்தவர்களும் உட்கார்ந்தார்கள். முழுவதையும் மறுபடி வாசித்தோம். இரண்டாம் முறை ஒருவரும் எழவில்லை. திரும்பும் வழியெல்லாம் ராஜேஸ்வரி பஸ் ஜன்னலோரம் சிரித்துக்கொண்டே வந்தார். கோபம் தணிந்த குழுத் தலைவர் ஐப்பசியில் என்னை மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்.

எனக்கும் ராஜேஸ்வரிக்கும் தீராத சண்டை ஒன்று உண்டு. அடியில் தாளம் வேண்டும் என்பேன் நான். "தாளம் போட்டாக் கேக்கறவங்க கால் ஆட்ட ஆரம்பிச்சுருவாங்க, காதை மறந்துருவாங்க" என்பார் அவர். கடைசியாகப் போனில் பேசியபோதும் இதே வழக்குத்தான், ஒரு "ங்க" குறையாமல். இப்போது அந்தச் சண்டையில் அவருடைய பக்கமும் என்னிடமே வந்துவிட்டது. போன வாரம் புதிதாக ஓர் இசைத்துண்டு செய்தேன். தாளம் போட்டேன். கேட்டேன். அவர் என்ன சொல்லுவார் என்று தெரிந்தது, தாளத்தை எடுத்துவிட்டேன். இன்னொரு இடத்தில் அவர் சொல்வதை ஒப்புக்கொள்ளாமல் தாளத்தை அப்படியே விட்டிருக்கிறேன். சண்டை தொடர்வதைத்தான் அவரும் விரும்புவார்.