ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை

கொச்சி மட்டாஞ்சேரிக்காரனான எனக்குத் தெரிந்த மிக உயரமான இடம் தோப்பும்படிப் பாலம். அதிலும் நடுவில்தான் நடப்பேன். பஸ்காரன் ஹார்ன் அடித்துத் திட்டினாலும் கைப்பிடிச் சுவர்ப் பக்கம் ஒதுங்கமாட்டேன். இப்படிப்பட்ட என்னிடம்தான், எழுபதுகளின் கடைசியில், மூணாறு மலையில் நடக்கத் திட்டம் போடும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

எல்லாம் மூக்கு செய்த வேலை. கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் தரம் பார்ப்பவனாக இருந்தேன். மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கசக்கி மோந்து, கண்ணை மூடி, "இது உச்சி மலைச் சரக்கு" என்பேன். பாதி மூக்கு, பாதி முகபாவம். மூக்கு போன இடத்துக்கெல்லாம் காலும் போயிருக்கும் என்று கூட வேலை செய்தவர்கள் நம்பிவிட்டார்கள். எல்லோரும் குடும்பத்தோடு மூணாறு போவது என்று முடிவானதும் வழி பார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

"சாமி இருக்கும்போ நமக்கு எந்தா பேடி?" என்றார் கேஷியர். "சாமி முன்னால நடக்கட்டும், நாம குடும்பத்தோட பின்னால வரலாம்."

சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பல் மட்டும்தான் என்னுடையது.

எனக்குத்தான் பேடி, அதாவது பயம், என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் கல்யாணமான நாள் முதல் என் மனைவி பல்லியைக் கண்டு அலறுவதும், நான் அதை நடித்துக்காட்டி ஊரைச் சிரிக்க வைப்பதும் வழக்கம். என் தொடை நடுங்கும் விஷயம் வெளியே வந்தால், மீதி ஆயுளுக்கு அவள் நடிப்பாள், ஊர் சிரிக்கும். அவளோ அதற்குள் எனக்குக் கான்வாஸ் ஷூ வாங்கி வைத்துவிட்டாள்.

திட்டம் போட்டேன். பள்ளிக்கூட அட்லஸில் மலையை விரித்து, சாக்கு தைக்கும் சணலை வைத்து அளந்தேன். கிடங்கிலிருந்து பாலம் வரை போகிற தூரம்தான் வந்தது. என்ன ஒரு நிம்மதி! காகிதத்தில் மலையும் மட்டாஞ்சேரி போலத் தட்டை என்பது மறுநாள்தான் உறைத்தது. விசாரித்ததில் அருவி வழி, தேயிலை வழி, முகட்டு வழி என்று மூன்று இருந்தன. மலையில் மேடே இல்லாத வழி ஏதாவது உண்டா என்று சரக்கு கொண்டுவந்த கம்பத்து லாரி டிரைவரிடம் ஜாடையாகக் கேட்டேன்.

"முகட்டு வழியே நல்லாத்தான் இருக்கும் சாமி. ஒரு பக்கம் பாறை."

"மறுபக்கம்?"

"மறுபக்கம் ஒண்ணுமே இல்ல."

தைரியம் சொல்வதாக அவர் நினைப்பு. அந்த ஒன்றுமில்லாத பக்கம் அன்றிலிருந்து என் சாப்பாட்டு இலையின் ஓரத்திலேயே உட்கார்ந்துகொண்டது. முகட்டில் எப்போதும் மேகம், போய்ப் பயனில்லை என்று கேஷியரிடம் சொல்லிப் பார்த்தேன். "மேகமா? அப்படின்னா அங்கதான் போகணும்!" என்றார்.

ஒத்திகை பார்க்க முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத கிடங்கில், படிக்கட்டுபோல் அடுக்கியிருந்த சுக்கு மூட்டைகளின் மேல் புது ஷூவோடு ஏறினேன். ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான், மூட்டையைக் கட்டிப்பிடித்துக் குப்புறப் படுத்துவிட்டேன். சுக்கு நெடியில் தும்மல் வேறு. தும்மினால் விழுந்துவிடுவேனோ என்று அதையும் அடக்கினேன்.

சாப்பாட்டுக்கு ஆளைக் காணோமே என்று மனைவி தேடிக்கொண்டு வந்தாள்.

"ஏன்னா! அங்க என்ன பண்றேள்?"

"சரக்கு பாக்கறேன்."

"கண்ண மூடிண்டா?"

புடவையைச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறி வந்தாள். "நான் முன்னால எறங்கறேன். என் குதிகாலை மட்டும் பாத்துண்டு வாங்கோ. கண்ணு வேற எங்கயும் போகப்படாது."

தரையில் கால் பட்டதும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "பல்லிக்கு உயரம்னா பேடி கிடையாது, தெரியுமோ?"

அவ்வளவுதான். அதற்குமேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் உயரத்தைவிடப் பயமாக இருந்தது. பயணத்தன்று பஸ் ஆலுவா தாண்டியது, மலையேறியது. ஒவ்வொரு வளைவிலும் அவள் எப்போது வாயைத் திறப்பாள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். முகட்டு வழி தொடங்கும் இடத்தில் கேஷியர் கையை நீட்டினார். "சாமி, முன்னால நடக்கணும்!"

மனைவி வாயைத் திறந்தாள்.

"அவர் கடைசியில வருவார். பின்னால நின்னாத்தானே எல்லாரையும் பாத்துக்க முடியும்?"

"லீடர்னா அதாக்கும் லீடர்!" என்றார் கேஷியர்.

முகட்டில் காட்சி எப்படி என்று யாராவது கேட்டால் இன்றும் துல்லியமாகச் சொல்வேன். முன்னால் போன மனைவியின் இடது குதிகாலில் ஒரு வெடிப்பு, அதில் செம்மண், ரப்பர் செருப்பின் ஓரத்தில் ஒட்டிய ஒரு தேயிலைக் கொழுந்து. மறுபக்கம் உண்மையிலேயே ஒன்றுமில்லையா என்பது எனக்குத் தெரியாது.

ஊர் திரும்பிய மறுநாள் சாயங்காலம், சமையலறையில் பல்லி. அவள் அலறினாள். பழக்கதோஷம், நடித்துக்காட்டக் கையைத் தூக்கிவிட்டேன். அவள் மூலையில் கிடந்த கான்வாஸ் ஷூவைப் பார்த்தாள்.

தூக்கிய கையால் துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.