வித்தியாசம் கிடைக்காத நாடகம்

தொண்ணூறுகளின் நடுவில் ரொறன்ரோவில் முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். பழைய ஆங்கில நாடகம் என் பாடம். நாடகங்களைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று நம்பிப் போனவளுக்கு முதலில் கிடைத்தது ஆய்வுமுறை வகுப்பு. ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்கு முன் அச்சான ஒரு நாடகத்தின் இரண்டு பிரதிகளை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, வித்தியாசங்களைக் குறித்து வரவேண்டும். அந்தக் காலத்தில் அச்சு ஓடும்போதே பிழை திருத்துவார்களாம். அதனால் ஒரே பதிப்பிலும் ஒரு பிரதி மற்றதைப்போல இராது.

நூலகத்தில் அந்த நாடகத்தின் பக்கங்களைப் படம்பிடித்த இரண்டு மைக்ரோஃபிலிம் சுருள்கள் இருந்தன. இரண்டையும் அங்கிருந்த இயந்திரத்தில் தாளில் அச்செடுத்து, சென் ஜேம்ஸ் ரவுணில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்ட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும். உணவக வேலை முடிந்து வந்த என் கணவர் சோபாவில் சாய்ந்தபடி வாசித்தார்.

"கொமா. பிறகு பெரிய டி. உது எஃப்போ, எஸ்ஸோ?"

"எஸ். அந்தக் காலத்து எஸ் அப்பிடித்தான் நீளமாய் இருக்கும்."

"பேந்து ஏன் சொல்லின்ரை கடைசியிலை ஒழுங்கான எஸ் கிடக்கு?"

வாரக்கணக்கில் வாசித்தோம். ஒரு வித்தியாசமும் இல்லை. எனக்குப் பயம் பிடித்தது.

"நீங்கள் நித்திரை தூங்கித் தூங்கி இடையிலை விட்டிட்டு வாசிக்கிறியள்."

"உள்ளதைத்தானப்பா வாசிக்கிறன். இல்லாததுக்கு நான் எங்கை போறது?"

அவரை முதல் பக்கத்திலிருந்து திரும்பவும் வாசிக்க வைத்தேன். அதிலும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் அந்த வகுப்பின் பேராசிரியையிடம் தாள்களைக் கொண்டுபோனேன். அவர் ஒரே பக்கத்தின் இரண்டு தாள்களை அருகருகே வைத்து, ஓரத்தில் இருந்த கறையைத் தொட்டுக் காட்டினார். இரண்டிலும் அதே கறை, அதே இடத்தில். இயந்திரக் கண்ணாடியின் அழுக்கு என்றல்லவா நான் நினைத்திருந்தேன்!

"இது ஒரே புத்தகம். இரண்டு தடவை படம் எடுத்திருக்கிறார்கள். எந்த நூலகத்துப் பிரதி என்று சுருளின் தொடக்கத்தில் போட்டிருக்குமே, பார்க்கவில்லையா?"

பார்க்கவில்லை. நாடகம் எங்கே தொடங்குகிறது என்று வேகமாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தேன்.

"இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே?" என்றேன்.

"சொன்னால் மறந்துவிடுவீர்கள்" என்றார் அமைதியாக. அந்த அமைதிதான் என்னை எரித்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப நான் சரியாத்தான் வாசிச்சிருக்கிறன்" என்றார் கணவர். நான் குசினிக்குள் போய் அடுப்பில் உலை வைத்தேன்.

வேறொரு நூலகத்திலிருந்து இன்னொரு பிரதியின் படம் வந்து சேர்ந்தபோது தவணை முடியும் தறுவாயில் இருந்தது. திரும்பவும் வாசிக்கச் சொல்லிக் கணவரைக் கேட்க வாய் வரவில்லை. வரிக்கு வரி அடிமட்டம் வைத்துத் தனியாக ஒப்பிட்டேன். முதல் அங்கம் மட்டும்தான் முடிந்தது. தலைகீழாக அச்சான ஓர் எழுத்தும், இடம் மாறிய ஒரு சொல்லும் கிடைத்தன. அவற்றை எழுதிக் கொடுத்து, மட்டுமட்டாகப் பாஸ் பண்ணினேன்.