மூன்றாம் வரிசைக்குப் போன கேபிள்

கேபிள் போனால் கேபிளைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆபீஸில் முதலில் ஆளைத்தான் பார்ப்பார்கள். அதுவும் திருப்பி ஒரு வார்த்தை பேச முடியாத ஆளாகப் பார்த்துப் பிடிப்பார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்?

நான் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பேகம்பேட்டில் ஒரு கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற கம்பெனி அது. மூலையில் ஒரு சின்ன அறை, அதற்குள் இரும்பு அலமாரி, அலமாரியில் சுவிட்ச். விளக்கு போடுகிற சுவிட்ச் இல்லை. வரிசையாக ஓட்டைகள் வைத்த தட்டையான பெட்டி. ஒவ்வோர் ஓட்டையும் ஒரு போர்ட். கேபிளைச் சொருகினால் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். முதல் போர்ட்டிலிருந்து கிளம்பும் கேபிள்தான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்கும் உயிர்நாடி.

தீபாவளி முடிந்த வாரம் அந்த விளக்கு அணைந்து அணைந்து எரிய ஆரம்பித்தது. பத்துப் பேரும் ஒன்றாக எழுந்து நின்று தெலுங்கில் "நெட் லேது", நெட் இல்லை என்று கத்துவார்கள். நான் ஓடுவதற்குள் தானே வந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போகும்.

மூன்றாவது நாள் நான் கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஆபீஸ் மேனேஜர் வழியில் நின்றார். கோயம்புத்தூர்க்காரர், இங்கே வந்து இரண்டு வருஷம் இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். கழுத்தில் கத்தி வைத்தாலும் 'ங்க' போட்டுத்தான் வைப்பார்.

"நீங்க சிரமப்பட வேண்டாமுங்க மேடம். நான் கேமராவுல பதினஞ்சு நாள் ஓட்டிப் பாத்துட்டேன். அந்த ரூமுக்குள்ள உங்களத் தவிர கூட்டற அம்மா மட்டுந்தான் போயிட்டு வருது. தொடப்பம் பட்டு வயர் லூஸாயிருச்சு, அவ்வளவுதானுங்க."

"லூஸா இல்லையான்னு நான் இன்னும் பாக்கவே இல்லையே சார்."

"பாருங்க, பாருங்க. வெள்ளிக்கிழமையோட அந்தம்மாவ மாத்தச் சொல்லிட்டேனுங்க."

மாற்றுவதாம்! கான்ட்ராக்டில் இருப்பவர்களை மாற்றுவது என்றால் வேறு இடத்துக்கு அனுப்புவது இல்லை. வீட்டில் உட்கார வைப்பது. அதிலும் 'ஒயரைப் பிடுங்கியவள்' என்று பெயர் வாங்கிவிட்டால் இந்தச் சாலையில் எந்த ஆபீஸ்காரன் உள்ளே விடுவான்? அன்று புதன்கிழமை. எனக்கு மண்டைக்குள் சுர்ரென்று ஏறியது.

அந்த அக்கா திருமுல்கேரியிலிருந்து வருகிறவர். மூன்று தலைமுறையாக அங்கே இருக்கும் குடும்பம். அவர் பேசும் தமிழில் பாதி இந்த ஊர் உருதுதான். எங்கள் ஆபீஸில் ஒன்பது வருஷம். நான் சேர்வதற்கு முன்பே இருந்தவர், எனக்குக் கழிப்பறை எங்கே என்று காட்டியதே அவர்தான். எல்லார் முன்னாலும் என்னை மேடம் என்பார், தனியாக இருந்தால் தங்கச்சி. விஷயம் அவருக்கும் எட்டியிருந்தது. பேன்ட்ரியில் டம்ளர் கழுவிக்கொண்டே கேட்டார்.

"கைக்கு தங்கச்சி, எதுக்கு? நான் இன்னா பண்ணேன்? அந்த அலமாரிக் கதவையே நான் தொறக்கறது இல்ல."

"தெரியும்க்கா. நான் பாத்துக்கறேன்."

வீராப்பாகத்தான் சொன்னேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இந்த வேலையில் ஒரே ஒரு ஒழுங்குதான் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே. முதலில் கேபிளை அழுத்திப் பார்த்தேன். கிளிப் கெட்டியாகப் பிடித்திருந்தது, லூஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கேபிள் டெஸ்டரைப் போட்டேன். எட்டுக் கம்பிக்கும் எட்டு விளக்கு, ஒன்றன்பின் ஒன்றாகச் சரியாக எரிந்தது. அப்புறம் அதே கேபிளைப் பிடுங்கிப் பதினெட்டாம் போர்ட்டில் சொருகினேன். அன்று முழுக்க மூன்றாம் வரிசையில் ஒருவரும் எழுந்து நிற்கவில்லை. வியாழக்கிழமை காலையில் புத்தம் புதுக் கேபிள் ஒன்றை முதல் போர்ட்டில் போட்டு என் லேப்டாப்பை அதில் மாட்டினேன். பத்து நிமிஷத்தில் அணைந்தது.

ஆக, கேபிளில் நோய் இல்லை, போர்ட்டில்தான். டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். கம்பி மாதிரி மெல்லிய பித்தளைப் பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பாக ஏதோ காய்ந்து அப்பி, அவற்றை மெல்ல அரித்திருந்தது. குண்டூசியால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தன வாசனை!

அட கடவுளே, ஆயுத பூஜை!

அன்றைக்கு நடந்தது அப்படியே கண்முன் வந்தது. தூசி தட்டுவதற்காக நான்தான் கேபிள்களையெல்லாம் கழற்றி வைத்திருந்தேன். மேனேஜர் கிண்ணத்தில் சந்தனத்தையும் குங்குமத்தையும் தண்ணீரில் குழைத்துக்கொண்டு வந்தார். பிரின்டருக்கு வைத்தார், ஏசிக்கு வைத்தார், சுவிட்சின் நெற்றிக்கும் வைத்தார். நெற்றியோடு விட்டாரா மனுஷன்? "முதல் போர்ட்டு, விசேஷமா வைக்கோணுமுங்க" என்று விரல் நிறைய எடுத்து வழித்தார். அது வழிந்து உள்ளே இறங்கியது. எல்லாரும் கைதட்டினார்கள், நான் சூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் கேபிள்களைத் திரும்பச் சொருகியதும் நான்தான். என் பங்கு எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் கோபம் முழுக்க அந்த ஆள் மேல்தான் போனது. பதினைந்து நாள் கேமரா ஓட்டியவருக்குத் தன் விரல் மட்டும் ஞாபகம் இல்லையே! பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

குண்டூசியோடு அவர் மேஜைக்குப் போனேன்.

"சார், இது உங்க குங்குமம்."

பார்த்தார். முகம் ஒரு நொடி வாடியது. அப்புறம் சமாளித்துக்கொண்டு சிரித்தார்.

"சாமி காரியமுங்க மேடம். குங்குமத்தால என்னங்க கெடுதல் வரும்?"

"நானும் தினம் சாமி கும்புடறவதான் சார். சாமிக்கு நெத்தியில வெப்போமா, காதுக்குள்ள ஊத்துவோமா?"

"சரி, சரியாப் போச்சில்லீங்க, விட்டுருங்க. நான் மெயில் போட்டர்றேன்."

விட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அரை மணியில் ஆபீஸ் முழுவதற்கும் இங்கிலீஷில் மெயில் வந்தது. மூன்றாம் வரிசையின் கோளாறு சரிசெய்யப்பட்டது. காரணம், போர்ட்டில் தூசி படிந்தது. நடவடிக்கை, துப்புரவுப் பணியாளர் வெள்ளிக்கிழமையுடன் மாற்றப்படுகிறார்.

தூசியாம், தூசி! இவர் கையால் வைத்தால் குங்குமம், அதுவே அக்கா தலையில் விழும்போது தூசி. நேராகப் பேன்ட்ரிக்குப் போய் அக்காவிடம் கொட்டினேன். குங்குமம், சந்தனம், மெயில் எல்லாவற்றையும் சொல்லி, "சும்மா விட மாட்டேன்க்கா, அந்தாள நாறடிக்கிறேன் பாருங்க" என்றேன்.

அக்கா துள்ளவில்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. அன்னிக்கே ஈரமா வழிஞ்சிச்சு. நான் தொடைக்கிறேன்னு துணிய எடுத்துனு வந்தேன். 'நக்கோக்கா, வேண்டாம், சாமிப் பொட்டு, தொடாதீங்க'ன்னு சொன்னது யாரு?"

"யாரு, மேனேஜரா?" என்றேன்.

"நீதான். தட்ட கையில வச்சிகினே சொன்ன."

ஆமாம். நான்தான் சொன்னேன். சொன்ன அடுத்த நிமிஷமே மறந்தும் போயிருக்கிறேன். மேனேஜருக்கு விரல் மறந்துபோனது என்று குதித்தேனே, எனக்கு வாய் மறந்துபோயிருந்தது. பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது என்று எவரோ எப்போதோ சொன்னதை யோசிக்காமல் ஒப்பித்திருக்கிறேன். சுவிட்சைப் பற்றி அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். துணியோடு வந்த ஒரே ஆளைத் தடுத்தவளும் நான். வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு மேல் கோபம். இந்தத் தடவை யாரைத் திட்டுவது?

"ஏன்க்கா இத்தன நாளா சொல்லல?"

"சொன்னா? உன்னிய மாத்துவாங்களா?" என்றார். அதில் கேலி இருந்தது, கொஞ்சம் கசப்பும் இருந்தது.

இடத்துக்குத் திரும்பி அந்த மெயிலுக்குப் பதில் எழுதினேன். எல்லாருக்கும் போகும்படி, தலைமை அலுவலகத்தையும் சேர்த்து. ஆயுத பூஜை அன்று ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் வந்த போட்டோவை இணைத்தேன். மேனேஜர் விரல் போர்ட்டில், என் கையில் தட்டு. டார்ச் வெளிச்சத்தில் எடுத்த போர்ட்டின் படத்தையும் வைத்தேன். கீழே எழுதினேன்: படிந்திருப்பது தூசி அல்ல, பூஜைக் குங்குமம். அன்றே துடைக்க வந்த பணியாளரைத் தொடாதே என்று தடுத்தது நான். இந்தக் கோளாறில் அவருக்குப் பங்கு இல்லை. அவரை மாற்றினால் என்னையும் மாற்ற வேண்டும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. யாரையும் மாற்ற வேண்டாம். மேனேஜர் என்னைக் கடந்து போகும்போது போனைப் பார்த்துக்கொண்டே போனார். போகட்டும்.

ஜெயித்துவிட்ட மிதப்பில் பேன்ட்ரிக்குப் போனேன். சாப்பாட்டு நேரம், மைக்ரோவேவ் முன்னால் மூன்றாம் வரிசைக்காரர்கள் டப்பாவோடு நின்றிருந்தார்கள்.

"அக்கா, நீங்க எங்கயும் போக வேண்டாம். நான் மெயில்ல எல்லாத்தையும் எழுதிட்டேன். என் தப்புன்னும் எழுதிட்டேன்."

"ஹவ், ஆமா, சொன்னாங்க. இங்கிலீஷ்ல எழுதினியாமே."

"ஆமாக்கா."

"அவங்க எல்லாரும் படிச்சிட்டாங்க. எனக்கு யாரு சொல்லுவாங்க?"

கூட்டம் கலையட்டும் என்று நின்றேன். அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இவங்க இருக்கட்டும். இப்பவே சொல்லு. தமிழ்லயே சொல்லு."

ஒரு டப்பா மூடிகூட அசையவில்லை. அத்தனை பேர் காதிலும் விழும்படிச் சொன்னேன்.

"தப்பு என்னோடதுக்கா. உங்கள நான்தான் தொடாதீங்கன்னு சொன்னேன்."