மரத்துக்கு இரண்டு முறை கழித்த கணக்கு

கைபேசிக் கோபுரம் நடுவதற்கு முன்னால், அதிலிருந்து கிளம்பும் அலை வழியில் எவ்வளவு தேயும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. கள்ளக்குறிச்சியில் வீட்டிலிருந்தபடியேதான். மடியில் கணினி, பக்கத்தில் தொட்டில். மேடு எவ்வளவு விழுங்கும், மரம் எவ்வளவு, சுவர் எவ்வளவு என்று கழித்துக்கொண்டே போய், மிஞ்சுவது பேசப் போதுமா என்று பார்க்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் கூடுதலாகக் கழிப்பவள் நான். மகள் பிறந்த பிறகு அந்தக் கொஞ்சமும் வளர்ந்துவிட்டது.

மலை மேல் கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றூர். ஒரே ஒரு கோபுரத்துக்குத்தான் அனுமதி. என் வரைபடத்தில் சாலையோர வீடுகள் பச்சை. மேட்டுக்குப் பின்னால் இருந்தவை மொத்தமும் சிவப்பு. அப்படியே அனுப்பினால் கோபுரத்தின் ஆன்டெனாக்களைச் சாலைப் பக்கம் மட்டும் திருப்பி வைப்பார்கள், இந்தச் சுற்றில் அந்த வீடுகளுக்குச் சிக்னல் கிடையாது. அடுத்த சுற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது. நேரில் அளந்து பார்க்கிறேன் என்று மேலாளரிடம் சொன்னேன். "சரி, நாளைக்குச் சாயங்காலம் முடிவு வேணும்" என்றார்.

பால் குடிக்கும் பிள்ளையை விட்டுப் போக முடியாது. பிள்ளை வந்தால் மாமியாரும் வருவார். மலைப்பாதை வளைவுகளில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி அவர் கேட்டார்:

"சிக்னல் வருதா இல்லியான்னு பாக்க இம்மாந்தூரம் வரணுமா? ஒரு போன் போட்டுக் கேட்டா ஆவாதா?"

"போனை எடுக்க அங்க சிக்னல் இல்ல அத்தை."

"அதான் தெரிஞ்சு போச்சே. அப்புறம் இன்னாத்துக்கு அளக்கப் போற?"

கோபுரம் வரவிருந்த இடத்தில் சோதனைக் குழு லாரியில் கம்பம் உயர்த்தி அலையை அனுப்பிக்கொண்டிருந்தது. பிள்ளையை அத்தையிடம் கொடுத்துவிட்டு, அளக்கும் கருவியோடு மேட்டுக்குப் பின்னால் நடந்தேன். பலா மரங்களுக்கு நடுவே அளவு குறைந்தது. ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. பேட்டரி மாற்றினேன். திரும்பவும் நடந்தேன். அதே நல்ல அளவு. மகிழ்ச்சி வரவில்லை, பயம்தான் வந்தது. கருவி சரியென்றால் என் கணக்கில் எங்கே கோளாறு?

அதற்குள் பிள்ளை வீறிட்டாள். பின்கழுத்தெல்லாம் வியர்வை.

"குளுருமேன்னு கம்பளி சுத்தினேன்" என்றார் அத்தை.

"நானும் அதுக்குத்தான் உள்ள ஸ்வெட்டர் போட்டேன் அத்தை."

"போட்டியா? சொல்லக் கூடாதா? புள்ளைய அவிச்சிட்டமே!"

கம்பளியை உருவியதும் பிள்ளை சிரித்தாள். நான் அப்படியே ஒரு வாசற்படியில் உட்கார்ந்து கணினியைத் திறந்தேன். மேடு பள்ளம் பார்க்க என்னிடம் இருந்த உயரப் படம் வானத்திலிருந்து எடுத்தது. மேலிருந்து பார்த்தால் தெரிவது மரத்தின் உச்சி, தரை அல்ல. பலா மரங்களின் உயரத்தை அது ஏற்கெனவே மேடாகச் சேர்த்திருந்தது. அதற்கு மேல் நானும் மரத்துக்கென்று தனியாகக் கழித்திருந்தேன். ஒன்றை எடுத்ததும் கணக்கும் கருவியும் ஏறக்குறைய ஒத்துப்போயின.

உடனே அடுத்த சந்தேகம். இன்று இலை காய்ந்திருக்கிறது. மழையில் நனைந்தால் இன்னும் விழுங்குமே? மழைக்கு மட்டும் கொஞ்சம் கழித்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி விசைப்பலகைக்குப் போன கையை இழுத்துக்கொண்டேன். சிவப்பு மஞ்சளாகியிருந்தது.

அந்த வீட்டு அம்மா சாமையைக் காயவைத்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, வருமா வராதா?"

"வாசல்ல நின்னா வரும்க்கா. மழை பேஞ்சா வூட்டுக்குள்ள வருமான்னு சொல்ல முடியாது."

"வாசல்ல வந்தாப் போதும். இப்ப போன் பேசணும்னா அந்தப் பாறை மேல ஏறணும். எங்க வூட்டுக்காரரு ஏறுனா எறங்குறதே இல்ல. கேட்டா, லைன் கெடைக்கலன்றாரு."

"அப்ப டவரு வந்தா அவருக்குத்தான் கஷ்டம்" என்றார் அத்தை. இருவரும் சிரித்தார்கள்.

திரும்பும் வழியில் கரியாலூருக்கு வந்ததும் சிக்னல் கிடைத்தது. திருத்திய வரைபடத்தை அனுப்பினேன். மேலாளர் கூப்பிட்டார்.

"மஞ்சளா? மழைக்குக் கழிச்சாச்சா?"

"கழிச்சாச்சு சார்."

"வேற எதுக்காச்சும் கழிக்கணுமா?"

பனி, புதிதாகக் கட்டப்போகும் வீடு, வளரப்போகும் மரம் என்று வரிசையாக மனதில் வந்தன.

"இல்லைங்க சார்."

"அப்ப அந்த வீடுங்களையும் சேத்துடறேன்" என்று வைத்துவிட்டார்.

எதற்கும் இன்னொரு முறை கூப்பிட்டுப் பேசிவிடலாமா என்று கை பரபரத்தது. அதற்குள் வண்டி வளைவில் திரும்பிவிட்டது, சிக்னல் இல்லை.