சேவுகனின் முக்கால் லிட்டர்

ஊருக்கே தண்ணி திறந்துவிடுகிறவன் சேவுகன். சாக்கோட்டை ஒன்றியத்தில் ஒரு சின்ன ஊராட்சி. அங்கே மேல்நிலைத் தொட்டிக்கு அவன்தான் ஆப்பரேட்டர். ஆறு மணிக்கு மோட்டாரைப் போட்டு ஆறரைக்கு வால்வைத் திருகினால் தெருவெல்லாம் குடம் உருளும். அந்த மனுசனுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க எவ்வளவு அளவு தெரியுமா? முக்கால் லிட்டர். காப்பி, ரசம், மோர் எல்லாம் அதற்குள்ளேதான்.

ரெண்டு கிட்னியும் போய் ஒன்றரை வருசமாச்சு. செவ்வாயும் வெள்ளியும் வால்வை மூடிவிட்டுக் காரைக்குடிக்குப் போய், நாலு மணி நேரம் படுத்து டயாலிசிஸ் செய்துகொண்டு வருவான். குடித்த தண்ணி வெளியே போகாது. காலில் இறங்கும், விட்டால் நெஞ்சில் ஏறும். வெயில் காலத்தில் மூணு லிட்டர் குடிங்க என்று ஊரெல்லாம் மைக் போட்டுச் சொல்கிறார்கள். நியாயந்தான், கிட்னி உள்ளவனுக்கு. டாக்டர் இவனிடம் சொன்னது வேறு: "அளவுக்கு மேல ஒரு மடக்குக் கூடாது. எளநி பக்கமே போயிராதீக. மத்தவங்களுக்கு அது மருந்து, ஒங்களுக்கு நெஞ்ச நிறுத்திப்புடும்."

ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர் அளந்து, கருப்பு டேப் ஒட்டிக் கோடு வைத்திருந்தான். காலையில் அந்தக் கோடு வரைக்கும் நிரப்புவான். காப்பி குடித்தால் அதே அளவு தண்ணியைப் பாட்டிலிலிருந்து சாய்த்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவான். ரசம் ஊற்றிக்கொண்டால் அதற்கும் ஊற்றுவான். அவன் வாடினதுதான் மிச்சம், செடி மதமதவென்று வளர்ந்தது.

சரி, இதை நாலு பேரிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டான். சீக்காளி கையால் ஊர்த் தொட்டியைத் திறக்கிறானே என்று யாராவது முகம் சுளித்துவிட்டால்? டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்து, ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்துப்போன இடது கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டான். நம்ம பக்கத்து வழக்கந்தான் தெரியுமே. படி ஏறினவனுக்கு முதலில் ஒரு செம்புத் தண்ணி. வாங்கிக் குடிக்கவில்லை என்றால் பகை. எத்தனை வீட்டில் வேண்டாம் வேண்டாம் என்பான்? அதனால் யார் வீட்டுக்கும் போகாமலே நின்றுவிட்டான். நீர்மோர்ப் பந்தலைக் கண்டால் ரோட்டைத் தாண்டி அங்குட்டுப் போய்விடுவான். "சேவுகனுக்குத் தலக்கனம் ஏறிப்போச்சுப்பா" என்றார்கள். இவன் காதிலும் விழுந்தது. பெண்டாட்டி காளியாயி செத்து நாலு வருசம், பிள்ளை குட்டி கிடையாது. சாயங்காலமானால் வாசல் விளக்கைப் போடக்கூட அவனுக்குத் தோன்றாது.

ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு தடவையும் நர்சம்மா கேட்கும்: "கூட யாரு?"

"யாரும் இல்லம்மா."

பக்கத்துக் கட்டில் பெத்தன்தான் ஒரே பேச்சுத்துணை. ஐஸ் கட்டியை வாயில் அடக்கினால் தாகம் அடங்கும் என்று சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். சித்திரையில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். பெத்தன் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டுத்தான் தெரியணுமா? நாலு மணி நேரமும் தங்கச்சி நினைப்பாகவே கிடந்தான்.

தங்கச்சி மீனாள், கானாடுகாத்தானில் வாழ்க்கைப்பட்டவள். பதினோரு வருசத்துக்கு முந்தி அவள் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையை மடியில் வைக்க வேண்டியவன் தாய்மாமன். அன்றைக்குப் பார்த்து பஸ் நடுவழியில் நின்றுபோச்சு. நல்ல நேரம் போகிறதென்று மீனாளின் புருசனோட அண்ணன் மடியிலேயே வைத்துக் குத்திவிட்டார்கள். சீர்த்தட்டோடு ஓடிவந்த சேவுகன் தட்டை அப்படியே வாசலில் வைத்தான். "இனி ஒன் வீட்டுப் பச்சத் தண்ணி என் பல்லுல படாது" என்று சபையில் சொல்லிவிட்டுத் திரும்பினான். கிறுக்குப்பய! வாய் இருக்கிறதென்று என்னத்தையும் பேசிவிடுவதா?

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு சாகக் கூடாது. தங்கச்சி வீட்டில் ஒரு செம்புத் தண்ணி வாங்கிக் குடிக்கணும், குடித்தாலே பகை தீர்ந்துபோகும், சீக்குக்கதை எதுவும் சொல்லாமல் திரும்பிவிடணும். சேவுகன் போட்ட கணக்கு இவ்வளவுதான். சனிக்கிழமை விடிந்ததிலிருந்து காப்பிகூடக் குடிக்கவில்லை, அன்றைய முக்கால் லிட்டரும் அப்படியே மிச்சம். மீனாள் வா என்று சொல்லாவிட்டால் திரும்பும் பஸ்ஸில் குடிக்க, பாட்டிலையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டான்.

கானாடுகாத்தானில் இறங்கும்போது மணி நாலு. பூட்டிக் கிடந்த பெரிய வீடுகளின் நிழலை ஒட்டி ஒட்டி நடந்தான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

மீனாள் வாசலில் வடகம் அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கையிலிருந்த முறம் நழுவியது.

"வாங்கண்ணே" என்றாள். இவனை உட்காரச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று கொல்லைக்குப் போனாள். தண்ணி மோந்துவரப் போகிறாள் என்று இவன் காத்திருந்தான். அவள் வந்தது சீவிய இளநீரோடு.

"எளநி வேணாம் ஆத்தா. ஒரு செம்புத் தண்ணி குடு, போதும்."

"பதினோரு வருசங் கழிச்சு வந்த அண்ணனுக்குப் பச்சத் தண்ணியவா குடுப்பேன்? நம்ம மரத்துக் காயிண்ணே." அவன் கை நீளாததைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது. "இன்னமும் கோவம் தீரலையா? பெறகு எதுக்கு வந்தீக?"

சொல்லிவிடலாம். சொன்னால் ஒப்பாரி வைப்பாள், ஊருக்குத் தெரியும். ஒரு மடக்குத்தானே, போனால் போகிறது என்று வாங்கி வாய்க்குக் கொண்டுபோனான். அண்ணன் குடிக்கப்போகிற சந்தோசத்தில் மீனாள் அவனுடைய இடது கையை இறுக்கிப் பிடித்தாள். பிடித்தவள் திடுக்கிட்டாள்.

"என்னண்ணே இது? கைக்குள்ள மோட்டார் ஓடுற மாதிரி விர்ருங்குது?"

சட்டைக் கையைத் தூக்கினாள். புடைத்த நரம்பும் ஊசித் தழும்பும் தெரிந்தன. டயாலிசிஸ் செய்துகொண்ட எதிர்வீட்டுக்காரர் ஒருத்தர் கையை இப்படிப் பார்த்திருக்கிறாள், அவருக்கு இளநீர் ஆகாது என்று கேட்டும் இருக்கிறாள். இளநீரைத் தட்டிவிட்டாள், அது வாசலைத் தாண்டி உருண்டது.

"பாவி அண்ணே! என் கையால சாகவா வந்தீக?"

அப்புறந்தான் சேவுகன் அழுதான். ஒன்றரை வருசத்தையும் சொல்லி, பாட்டிலையும் எடுத்துக் காட்டினான். மீனாள் அதிலிருந்த தண்ணியை முற்றத்தில் கொட்டினாள். தன் வீட்டுப் பானையிலிருந்து மோந்து, டேப் கோட்டுக்குக் குனிந்து கண்ணை நேராக வைத்து, சொட்டுச் சொட்டாக நிரப்பினாள்.

"இம்புட்டுத்தானா?"

"இம்புட்டுத்தான் ஆத்தா."

அவன் ஒரு மடக்குக் குடித்தான். தண்ணி பல்லில் பட்டது, ஜில்லென்று இருந்தது. மிச்சத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போய் ராத்திரிச் சாப்பாட்டோடு அதைக் கொஞ்சங் கொஞ்சமாகக் குடித்தான். அன்றைக்குக் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊசியைக் குத்திக்கொண்டே நர்சம்மா வழக்கம்போலக் கேட்டது: "கூட யாரு?"

"தங்கச்சி வந்துருக்கும்மா. வெளிய உக்காந்துருக்கு" என்றான் சேவுகன். தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்துவிட்டு, "அதுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுங்கம்மா. இந்த வெயில்ல வந்துட்டு, நான் குடிக்காம தானும் குடிக்க மாட்டேன்னு அடம்புடிக்குது. காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல" என்றான்.